அலமாரிக்கு மாறிய சூப்பர் குளூ

மிச்சப் பார்வையும் ஆறு மாதத்தில் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகும், தங்கதுரை கப்பல் மாடல் செய்வதை நிறுத்தவில்லை. நேற்று பாய்மரம் கோணலாக ஒட்டியிருப்பதை மனைவி சுகிர்தா சொல்லிவிட்டாள். அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன், அவர் வாசிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்:

"ஏங்க, ஃப்ரிட்ஜ்ல இனி கண்ணு மருந்து மட்டும்தான் இருக்கும். சூப்பர் குளூ கெட்டாலும் பரவாயில்லன்னு அலமாரிக்கு மாத்திட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி பாட்டில், பயமா இருக்கு. வெட்டுத கத்திக்கு மூடி போட்டுட்டேன். சோறும் புளிக்குழம்பும் மேசையில இருக்கு. பாய்மரத்த பிடுங்காதீங்க, தளம் பேந்துரும்."

தெருமுனையில் மேலநீலிதநல்லூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தாளின் அடியில் மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"கோணல்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

அந்த வரி மட்டும் பொடி எழுத்தாகிவிட்டது. அவரால் அதைப் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் சுகிர்தா பஸ்ஸுக்கு ஓடினாள்.