எடுத்துக்கொடுத்த வசனம்

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுத வைத்துவிட்டாய். போனை எடுத்தால்தானே!

உன் நாடகத்தின் கடைசிக் காட்சியை எடுத்துவிடு. ஒத்திகையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தையல்காரருக்கு வசனம் எடுத்துக்கொடுத்தபோது சிரித்து மழுப்பிவிட்டேன். தலைவர் வேஷத்தில் அவர், "பால் நிலையத்தைப் பூட்டச் சொன்னது நான்தான்" என்று ஒப்புக்கொள்கிறார். இப்போது டீக்கடையில் அதே பேச்சு. "என்ன தலைவரே, அக்கா உங்கள நார்நாராக் கிழிக்கப் போறாங்களாமே?"

நிலையத்தை மூடியது மேலிடம். எனக்குச் சம்பந்தமில்லை என்று ஊர்க் கூட்டத்திலேயே சொல்லியாயிற்று. வீட்டுப் பகையை மேடையேற்றாதே.

தம்பி

பிப்ரவரி 5

தம்பிக்கு,

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நாடகத்தில் உன் பேரில்லை, நம் ஊர் பேரும் இல்லை. பிறகு உனக்கு ஏன் வலிக்கிறது?

அந்த நிலையத்தில் பால் அளந்து வாழ்ந்தவள் நான். இப்போது டவுனில் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். பஸ்ஸில் நின்றே போய் நின்றே வருகிறேன். மாடு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் விற்றுவிட்டார்கள். இதை மேடையில் பேசாமல் எங்கே பேசுவது, உன் ஊராட்சி மன்றத்திலா? அங்கே வாயைத் திறந்தாலே, "அடுத்தது என்ன?" என்கிறாய்.

காட்சியை எடுக்க மாட்டேன். ஆனால் நீ வழக்கம்போல வசனம் எடுத்துக்கொடுக்க வா. தையல்காரரின் மறதி ஊரறிந்தது. நீ இல்லாவிட்டால் மனுஷன் மேடையில் மரமாக நிற்பார்.

அக்கா

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

என்னைக் கிழிக்கும் நாடகத்துக்கு நானே எடுபிடியா? இளிச்சவாயன் என்று நினைத்தாயா? முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு வேண்டும். ஊரே என் முகத்தைப் பார்க்கட்டும். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

தையல்காரர் மரமாக நிற்கட்டும். நானும் வேடிக்கை பார்க்கிறேன்.

தலைவர்

பிப்ரவரி 10

நாற்காலி போட்டாயிற்று. வா.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

திட்டம் போட்டுக் கழுத்தை அறுத்துவிட்டாயே! கடைசி வசனத்தில் தையல்காரர் நின்றுவிட்டார். பழக்கதோஷத்தில் ஓரத்திரையைப் பார்த்தார், ஆளில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் எடுத்துக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? "பூட்டச் சொன்னது நான்தான்!" என்று கத்தித் தொலைத்தேன். பின்னாலிருந்து யாரோ, "கேட்டுக்கிட்டீங்களா? அவரு வாயாலயே சொல்லிட்டாரு!" என்றான். கூரை பறக்கக் கைதட்டினார்கள்.

உன்னிடம் மறைப்பானேன், மேலிடத்தில் கேட்டார்கள், பூட்டலாம் என்று கையெழுத்துப் போட்டேன். பதவியில் இருந்து பார், தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னை இறக்கப் பார்க்கிறார்கள். நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல். "அது நாடகத்து வசனம், நான்தான் எழுதினேன்" என்று சொல். பொய்கூட இல்லையே. இதையும் செய்யாவிட்டால் நீ எனக்கு அக்காவே இல்லை.

தம்பி

பிப்ரவரி 23

தலைவருக்கு,

கூட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு சங்கதி.

நாடகத்துக்கு முதல் நாள் உன் மனைவி என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அவரு சரியாச் சாப்பிட்டே நாளாச்சு அண்ணி. அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்களேன்." மனசு கேட்கவில்லை. அதை அடித்துவிட்டு, "பூட்டச் சொன்னது யாரோ, எனக்குத் தெரியாது" என்று மாற்றினேன். உன்னிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. புது வசனம் வாயில் நிற்காமல்தான் தையல்காரர் முழித்தார்.

நீ கத்தியது அன்றைய நாடகத்தில் இல்லை, தம்பி. மேடையில் நின்ற எல்லோருக்கும் அது தெரியும். என் முகத்துக்காக இதுவரை வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். உனக்குத் தெரியாமல்தான் பூட்டினார்கள் என்று நானும் உள்ளுக்குள் நம்பியிருந்தேன். நீ கையெழுத்துப் போட்ட கதையைப் படித்த பிறகு, உனக்காக அங்கே நின்று என்ன பேசுவது? கேட்டால் நடந்ததைச் சொல்வேன்.

அக்கா இல்லை என்கிறாய். சரி, அப்படியே ஆகட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அவளை அழ விடாதே.

இப்படிக்கு,
பால் நிலையத்தில் வேலை பார்த்தவள்