என் கடலில் தலைவரின் முகம்

ஜனவரி 9

மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் ஒரு பெண், கையில் மகனின் படம். பையன் நர்ஸ் தேர்வில் பாஸாகிவிட்டானாம், தெருமுனையில் பேனர் வைக்கணுமாம். அனுப்பியது என் தங்கை மெல்பா. "அக்கா சும்மாவே பண்ணிக் குடுத்துடுவா, அந்த சாஃப்ட்வேரே ஓசிதான்" என்றாளாம்.

ஓசி! கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. அதை நான் இறக்கி வைத்தது என் வலைப்பதிவுக்குப் படம் செய்ய. நான் கதை எழுதுகிறவள். எங்கள் கினராய்-ஆ மொழியில், யாரும் எழுதத் துணியாத வீட்டுப் பேச்சில் எழுதுகிறவள். இந்தக் கிம்பால் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இங்கே நான் பேனர் தெல்சா. அவ்வளவுதான்.

பையனின் முகப்பருவை அழித்தேன், கோணல் காலரை நேராக்கினேன். "இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கும்மா" என்றாள். ஆக்கினேன்.

ஜனவரி 10

ஒரு பிறந்தநாள், ஒரு ஞானஸ்நானம். இரண்டுக்கும் முடியாது என்றேன். இரண்டையும் செய்து கொடுத்தேன். எனக்கு முதுகெலும்பே கிடையாதா?

ஜனவரி 12

லியோனெல் கூப்பிட்டார். இலோயிலோ நகரத்தில் சின்னதாகப் பதிப்பகம் நடத்துகிறவர், என் கதைகளைப் புத்தகமாகப் போடப்போகிறவர். என் புத்தகம்! உள்பக்கங்கள் தயாராம். அட்டையை நான் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பினால்தான் புத்தகச் சந்தைக்கு வருமாம். தவறினால் அடுத்த வருடம்தான்.

அட்டைக்கு நான் எடுத்த படமே போதும். விடியற்காலைக் கடல், ஓரத்தில் ஒற்றைப் படகு, மேலே என் பெயர். யாருக்கும் வாழ்த்துச் சொல்லாத ஒரு படத்தை இந்தக் கணினியில் கடைசியாக எப்போது செய்தேன் என்று நினைவில்லை.

ஜனவரி 14

அட்டையில் உட்கார்ந்திருந்தேன். மெல்பா ஊர்த்தலைவரையே கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஏசு திருவிழாவுக்குப் பேனர். போட்டுக் காட்டினேன்.

"எம் படம் இன்னும் பெருசா வரட்டும் தெல்சா."

"இப்பவே குழந்தை ஏசுவை விடப் பெருசா இருக்கீங்க தலைவரே."

"அவரு குழந்தைதானேம்மா! குழந்தைன்னா சின்னதாத்தான் இருக்கும்."

மெல்பா விழுந்து விழுந்து சிரித்தாள். இவளுக்கு வெட்கமே கிடையாது. அவரைப் பெரிதாக்கினேன். சாமியின் கிரீடத்தில் பாதி அவருடைய காதுக்குப் பின்னால் போய்விட்டது.

ஜனவரி 16

இன்று மதியம் கெடு. பதினோரு மணிக்கு மெல்பா ஓடி வருகிறாள். "அக்கா, தலைவரு மஞ்சள் சட்டை வேணாங்கறாரு. அது எதிர்க்கட்சி கலராம். பச்சை ஆக்கணுமாம், அச்சுக்கடையில ஆளு நிக்குது."

"எனக்கு இன்னிக்கி வேலை இருக்குடி!"

"ஒரு நிமிஷ வேலைக்கு என்ன இப்படி அலட்டிக்கற?"

ஒரு நிமிஷமாம். என் கிழட்டுக் கணினி இரண்டு படங்களைச் சேர்த்துத் திறந்தால் உறைந்துவிடும். மூடித் திறக்க நேரமில்லாமல், என் அட்டைப் படத்தின் மேலேயே தலைவரை இன்னொரு அடுக்காக வைத்து, சட்டையைப் பச்சையாக்கி, அந்த அடுக்கை மட்டும் அச்சுக்கடைக்கு அனுப்பினேன். பிறகு அவரை மங்க வைத்து மறைத்தேன், அட்டையை முடித்து லியோனெலுக்கு அனுப்பினேன். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

ஜனவரி 18

திருவிழா. பேனரில் தலைவர் அழகாக இருக்கிறாராம், எல்லோரும் அவரையே பாராட்டினார்கள்.

பிப்ரவரி 6

புத்தகம் வந்தது.

என் கடலுக்கு மேலே, வானத்தில், தலைவர் சிரிக்கிறார். பல் தெரிய. பச்சைச் சட்டையில்.

முழுதாக மறைக்கவில்லை நான். மங்கலாக்கியதோடு விட்டுவிட்டேன். மங்கிப்போன என் திரையில் தெரியாதது அச்சில் தெரிகிறது. லியோனெலைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்த மனுஷன் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: "நான் அது உங்க அப்பான்னு நெனச்சேங்க. கடல்ல போனவரு வானத்துலேருந்து பாக்கறாருன்னு..."

என் அப்பா பேருந்து ஓட்டியவர். உயிரோடு இருக்கிறார். மறுபடி அச்சடிக்க வழியில்லையாம்.

மெல்பா அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சிரிக்காதடி! எத்தனை வருஷமா எழுதறேன், ஒரு வரி படிச்சிருக்கியா நீ? ஊர்ல இருக்கற மூஞ்சியெல்லாம் எங்கிட்ட கொண்டாந்து கொட்டினியே, எங்க அக்கா கதை எழுதறான்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கியா? நான் என்ன உங்க எல்லாருக்கும் வேலைக்காரியா?"

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

பிப்ரவரி 8

விஷயம் தலைவர் காதுக்குப் போய்விட்டது. கோபப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் பரமானந்தமாக வீட்டுக்கே வந்துவிட்டார்! எல்லாப் பிரதிகளையும் தானே வாங்கிக்கொள்கிறாராம். தேர்தலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்று, அரிசிப் பையோடு சேர்த்துக் கொடுப்பாராம்.

"ஊரே உன்னைப் படிக்கும் தெல்சா!"

ஒரு கணம் மனசு ஆடியது. டைரியில்தானே எழுதுகிறேன், ஒளிப்பானேன். ஊரே படிக்கும். ஆனால் எதை? அரிசிப் பைக்குள் கிடக்கும் தலைவர் படத்தை. என் பெயர் அவர் தாடைக்குக் கீழே.

"முடியாதுங்க" என்றேன். இந்த முறை செய்து கொடுக்கவும் இல்லை. "ஒரு பேனர் போடறவளுக்கு இவ்வளவு திமிரா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். காபியைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 13

லியோனெலும் நானும் உட்கார்ந்து எல்லாப் பிரதிக்கும் பழுப்புக் காகிதத்தில் மேலுறை போட்டோம். தலைப்பு, என் பெயர், வேறொன்றுமில்லை. கடலும் போச்சு.

பிப்ரவரி 15

புத்தகச் சந்தை. கொஞ்சம் விற்றது. பக்கத்து மாகாணமான அன்டிக்கேயிலிருந்து வந்த ஒரு பெண் அங்கேயே நின்று ஒரு கதையை வாய்விட்டுப் படித்தாள். எங்கள் மொழியை அச்சில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் முறையாம். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 19

பேனர் கேட்டு ஒருவரும் வரவில்லை. தலைவர் வீட்டார் மருந்துக்கடையில் என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். நிம்மதிதான். ஆனாலும் கதவு தட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேனே, அதற்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 22

மெல்பா வந்தாள். கையில் பன்சித் நூடுல்ஸ் பாத்திரம், அக்குளில் என் புத்தகம். அந்த ஒரு பிரதிக்கு மட்டும் மேலுறை கிடையாது. வந்தவள் உட்காரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மூணாவது கதையில அக்கா உசிரை வாங்குற வாயாடி ஒருத்தி வர்றாளே, அது நான்தானே?"

"நீதான்."

"அவ சந்தையில அழற இடத்துல நானும் அழுதுட்டேன்."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "போட்டதுதான் போட்ட, இந்தாளுக்குப் பதிலா எம் மூஞ்சியைப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.