வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்

சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் அலுமாரியை இன்று காலை வெறுமையாக்கினேன். நாளை மறுநாள் எனக்கு முதுகில் ஒப்பரேஷன். அதன் பிறகு மூன்று மாதம் நான் குனியக் கூடாது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளும் இனி எனக்கு இல்லாத பொருள்தான். மாப்பேணி, சீனிப்பேணி, பருப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேசைக்கு ஏற்றினேன். கடைசியாக மூலைக்குள் கையை விட்டபோது உன்னுடைய தைலப்போத்தல் அகப்பட்டது. மூடி இறுகியிருக்கவில்லை. நீ எதையும் இறுக்கி மூடமாட்டாய். எட்டு மாதத்தில் முக்கால்வாசி காய்ந்துவிட்டது, மணம் மட்டும் போகவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். இருந்த பிறகுதான் எழும்ப முடியாது என்று தெரிந்தது. கதிரைக் காலைப் பிடித்து, கட்டில் விளிம்பைப் பிடித்து, உன்னைத் திட்டித் திட்டி எழும்பினேன். எழும்பியதும் இதை எழுதத் தொடங்கிவிட்டேன்.

உனக்கு ஒன்றும் தெரியாது. சொல்கிறேன்.

தை மாதம், வியா மக்வேதா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டில் ஜன்னல் பலகை துடைக்க ஏணியில் ஏறினேன். ஏணி வழுக்கியது. முதல் கிழமை வெறும் முதுகு நோ என்றுதான் நினைத்தேன். பிறகு இடது கால் மரத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் பல்லாரோ சந்தைக்குள் மீன்காரன் கத்திக் கூப்பிடுகிறான். திரும்பிப் பார்த்தால் என் செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முள்ளந்தண்டில் ஓர் எலும்பு மற்றதன் மேலிருந்து சறுக்கி நரம்பை நெரிக்கிறதாம். நாலு திருகாணியும் இரண்டு கம்பியும் வைத்துப் பூட்டவேண்டும். செய்யாவிட்டால் என்ன என்று கேட்டேன். கால் போகும், பிறகு சலம் போவதும் உன் கட்டுப்பாட்டில் இருக்காது என்றார். நாற்பத்தாறு வயது எனக்கு.

அதற்குப் பிறகு தாதி ஒருத்தி படிவத்தோடு வந்தாள். குனியக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது, ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, முதல் ஒரு மாதம் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு கேட்டாள்.

"வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

ஒருவரும் இல்லையென்றால் இப்போது செய்யமாட்டார்களாம். பராமரிப்பு நிலையம் ஒன்றில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும். அது அடுத்த குளிர்காலமும் ஆகலாம். என் கால் அவ்வளவு நாள் காத்திருக்காது. நான் வாயைத் திறந்தேன், உன் பெயர் வந்தது.

"உறவு?"

"சொரெல்லா," என்றேன். இந்த இத்தாலியருக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை, எல்லாம் அந்த ஒரே சொல்தான். தகப்பன் பெயர் வேறு வேறாக இருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. எங்கள் பெயர்கள் அவளுக்கு எல்லாமே ஒரேமாதிரி நீளம். உன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். செத்துப்போன உன்னை என்னைப் பார்க்கும் ஆளாகப் போட்டுவிட்டு, கையெழுத்தும் வைத்துவிட்டு வந்தேன்.

உன்னை முதன்முதல் கண்டதும் ஒரு படிவத்தோடுதான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் நின்ற வரிசையில், எனக்கு முன்னால் புகுந்த ஒருவனை நீ சட்டையில் பிடித்துப் பின்னால் விட்டாய். ஊரில் நான் தீவுப்பகுதி, நீ மன்னார். அடுத்த மாதமே அல்பெர்கேரியாப் பகுதியில் இந்த மூன்றாம் மாடி அறையை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தோம். என் முருகன் படத்தை வைக்க இடம் தேடிக்கொண்டு நின்றேன்.

"எடியே, உன்ரை முருகனும் என்ரை அந்தோனியாரும் ஒரே தட்டிலை இருந்து கதைக்கட்டும். அவையளுக்கும் இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?" என்றாய்.

ஏழு வருடம் அப்படியே இருந்தார்கள். நாமும் இருந்தோம். எரிவாயுச் சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றுகிறவள் நீ. உனக்கு நோய் வருத்தம் வருமென்று யார் நினைப்பார்கள்?

இப்போது ஒரு மாதமாக ஒத்திகை பார்க்கிறேன். உடம்பு ஒரே பலகை என்று நினைத்துப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பவேண்டும். அதைக் காலையும் மாலையும் பழகுகிறேன். கழிப்பறையில் உயரமான இருக்கை பூட்டியாயிற்று. உடுப்புக் கொழுவும் கம்பியை நிமிர்த்தித் தடியில் கட்டிக் கொக்கி செய்தேன். போன கிழமை ஒருநாள் முழுக்கக் குனியாமல் இருந்து பார்ப்போம் என்று தொடங்கினேன். பத்து மணிக்குக் கரண்டி விழுந்தது, விட்டுவிட்டேன். பிறகு சீப்பு. பிறகு வாசல் சாவி. கொக்கியால் சாவியை இழுக்க இழுக்க அது கட்டிலுக்குக் கீழே போனது. நின்றபடி அழுதேன். இருந்து அழுதால் எழும்பவேண்டுமே.

ஆள் தேடவில்லை என்று நினைக்காதே. ஊரில் சண்டை, அம்மா எந்த முகாமில் என்றே கடிதம் வந்தால்தான் தெரியும். இங்கே கால்சாவில் இருக்கிற நம் சனம் இரண்டு அறைக்குள் ஏழு பேர். உன்னோடு மாதா கோயிலுக்கு வந்த பெண்ணொருத்தியைக் கேட்டேன். முகம் வாடிப்போனாள்.

"அக்கா, வியாழன் பின்னேரம் வாறன். ஞாயிறு பூசை முடிய வாறன். மற்ற நாள் வேலைவீட்டுச் சிஞோரா விடமாட்டா. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

"ஓம், அது காணும்," என்றேன்.

காணாது. மற்ற ஐந்து நாளும் இருக்கிறதே. அந்த ஐந்து நாளில் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

போன ஓகஸ்ட் மாதத்தைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் சிஞோராவின் குடும்பம் மொண்டெல்லோ கடற்கரை வீட்டுக்குப் போகிறது, இரண்டு கிழமை நானும் போகவேண்டும். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நீ கட்டிலில் இருந்தாய்.

"இந்தமுறை போகாதையன். நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுது."

"உனக்கு வருசம் முழுக்க என்னவோ செய்யுதுதானே. போய் டொக்டரிட்டைக் காட்டு. நான் ரெண்டு கிழமையிலை வந்திடுவன்."

"சரி, போட்டு வா," என்றாய். கோபமில்லாமல் சொன்னாய். நீ கோபித்திருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ.

இரண்டாம் ஞாயிறு வந்தேன். கட்டிடம் முழுக்க வெறுமை, எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். கதவு உள்ளே கொண்டி போட்டிருந்தது. வீதியில் இறங்கி நின்று உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தீயணைப்புக்காரர் வந்து உடைத்தார்கள். நீ கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், நிலத்தில், கையில் ஒரு செருப்போடு கிடந்தாய். இறந்து மூன்று நாளாம். விழுந்தவுடனே போகவில்லை, சில மணித்தியாலம் உயிர் இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். அந்தச் செருப்பு ஏன் என்று மட்டும் எனக்கு விளங்கவேயில்லை, போன செவ்வாய்க்கிழமைவரை.

செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் கீழ்வீட்டுக்காரியிடம் போனேன். உன் ஈர உடுப்பு அவளுடைய ஜன்னலில் சொட்டுகிறது என்று வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவள்தான். நீ தமிழில் ஏசுவாய், அவள் சிசிலிய மொழியில் ஏசுவாள், இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். நீ போன பிறகு அவள் என்னைப் படியில் கண்டால் சுவரைப் பார்ப்பாள். நான் அதைப் பழைய பகை என்று நினைத்தேன்.

என் அறைச் சாவியை மேசையில் வைத்தேன். "ஒப்பரேஷன் முடிந்து வந்தால் நான் மேலே தனியாக இருப்பேன். விழுந்தால் நிலத்தில் தட்டுவேன். கேட்டால் மேலே வருவீர்களா?" என்றேன்.

அவள் சாவியைத் தொடவில்லை.

"முதலில் நான் ஒன்று சொல்லவேண்டும். கேட்ட பிறகு சாவியைத் தருவதா என்று யோசி." கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஓகஸ்டில் விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் புறப்பட்ட காலை. நான் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். மேலே தட்டுகிற சத்தம். தட்டும், நிற்கும், திரும்பத் தட்டும். அவள் வழமைபோல உரலில் ஏதோ இடிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு எரிச்சல். தும்புத்தடியை எடுத்து நானும் கூரையில் குத்தினேன், நிறுத்தச் சொல்லி."

"பிறகு?"

"நிறுத்திவிட்டாள்."

நான் சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

நீ ஏன் நிறுத்தினாய்? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் கிடந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, ஒத்திகையும் பார்க்கவில்லை. யாரோ கேட்டுவிட்டார்கள், பதிலுக்குத் தட்டிவிட்டார்கள், இதோ வருகிறார்கள் என்றுதானே நிறுத்தினாய்? தட்டிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, படியில் காலடி கேட்கும் என்று காத்துக்கொண்டு கிடந்தாயா? நான் அந்த நேரம் கடற்கரையில் சிஞோராவின் துவாய்களைக் காயப்போட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

வியாழக்கிழமை திரும்பவும் கீழே இறங்கிப்போனேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிப்பு என்னிடம் இல்லை, எனக்கே இல்லை. ஆனால் இந்தக் கட்டிடத்தில் இனி ஒரு தட்டுச் சத்தத்தைத் தவறாக எடுக்கவே முடியாத ஆள் அவள் ஒருத்திதான். சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டேன். அழுதாள். நான் அழவில்லை.

அங்கே தொலைபேசி இருந்தது. அவள் கண்ணுக்கு முன்னாலேயே வைத்தியசாலைக்கு எடுத்து அந்தத் தாதியைக் கேட்டு வாங்கினேன். படிவத்தில் ஒரு பெயரை மாற்றவேண்டும் என்றேன்.

"ஏன், உன் சொரெல்லா வரமாட்டாளா?"

"இல்லை. அவள் செத்துப்போனாள்."

இத்தாலிய மொழியில் அந்த வசனத்தை நான் அன்றுதான் முதன்முதல் சொன்னேன். சின்ன வசனம்.

"அப்படியென்றால் வீட்டில் ஒருவரும் இல்லையா?" அவள் குரல் மாறியது. எல்லாம் போய்விட்டது, திகதி போய்விட்டது, கால் போய்விட்டது என்று நான் நின்றபோது, கீழ்வீட்டுக்காரி தொலைபேசியைப் பறித்து, உன்னோடு சண்டை பிடித்த அதே குரலில் கத்தினாள்.

"நான் இருக்கிறேன்! என் பெயரை எழுது! ஒரே கட்டிடம், ஒரே படி!"

எழுதிக்கொண்டார்கள். உன் பெயர் மேல் ஒரு கோடு விழுந்திருக்கும்.

நாளை காலை பேருந்தில் போய்ச் சேரவேண்டும். இரண்டு உடுப்பும் பின்பட்டி இல்லாத செருப்பும் பையில் வைத்தாயிற்று. பயம் குறையவில்லையடி. கம்பி வைத்த முதுகோடு இந்த அறைக்கு வந்து, அவள் சந்தைக்குப் போன ஒரு நேரத்தில் நான் விழுவேன் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது. உன்னைப்போலத் துணிச்சல் எனக்கு இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது நான் காதால் கேட்காத அந்தச் சத்தம் ஒன்றுதான். தட்டும், நிற்கும், திரும்பத் தட்டும். அதைச் சுமந்துகொண்டுதான் போகிறேன்.

இனி கதவுக்குக் கொண்டி போடமாட்டேன். விழுந்தால் தட்டுவேன். கீழேயிருந்து பதில் சத்தம் கேட்டாலும் நிறுத்தமாட்டேன். ஆள் ஏறிவந்து, கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பேன்.