மதகு நலம்

தாராவி, மும்பை
8 மார்ச், ஞாயிறு

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று எல்லாரும் எழுதுகிற வரியை நானும் எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை அது ஒப்புக்கு எழுதுகிற வரி இல்லை செல்வி, கேள்வி, எனக்குப் பதில் வேண்டும். இதைப் படிக்கும்போது கையில் ஒரு பேனா வைத்துக்கொள். வாய்விட்டுப் படிக்காதே. முகத்தை மாற்றாதே. நடுநடுவே ஒரு சுழி போடு, ஒரு கோடு கிழி, தப்பு திருத்துகிற மாதிரியே இருக்கட்டும். மேல் தாளில் இந்தியில் இருப்பது மாப்பிள்ளைக்காக. அப்பாவின் பரீட்சைப் பயிற்சித்தாள், செல்வி முன்போல் திருத்தித் தரட்டும் என்று என்னோடு படிக்கிற சாயிராவின் மகள் எழுதிக்கொடுத்தாள். சுரேந்திரன் தமிழ் பேசுவாரே தவிர ஓர் எழுத்து படிக்கத் தெரியாது, கல்யாணப் பத்திரிகையில் தன் பேர் எது என்று உன்னிடம் கேட்டபோது நாம் எல்லாரும் சிரித்தோம், அது இப்படி உதவும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. போனைக் காட்டினால் போன் படித்துச் சொல்லிவிடுமே என்று பயந்து சாயிராவின் போனில் என் கையெழுத்தைக் காட்டிப் பார்த்தேன். ‘மாடு எண்ணெயில் ஏறி மாமா மழை’ என்று இந்தியில் சொல்லியது. எட்டாம் வகுப்போடு நின்ற என் கோழிக்கிறுக்கலால் குடும்பத்துக்கு முதல் தடவையாக ஒரு பிரயோஜனம்.

இங்கே விசேஷம் என்று சொன்னால், சந்தில் தண்ணீர் காலை ஐந்தரைக்கே வந்து நின்றுவிடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் எண்ணெய் தேய்க்கச் சொன்னால் என்னைத்தான் தேய்க்கச் சொல்கிறாள். பட்டறையில் பள்ளிக்கூடப் பை சீசன் தொடங்கிவிட்டது. ஞாயிறு மதியம் மட்டும் நானும் சாயிராவும் விட்டுக்கொடுக்காமல் மாட்டுங்காவுக்கு வகுப்புக்கு நடந்து போய்விடுகிறோம். எட்டாங்கிளாஸ் சம்பந்தி என்று செம்பூரில் உன் மாமியார் வீட்டில் யாரோ சொன்னதற்காக என்னைப் பத்தாவது பரீட்சைக்குக் கட்டவைத்தவள் நீ, அந்தப் பாவத்தை ஐம்பத்துநாலு வயதில் நான் சுமக்கிறேன். கணக்கு பரவாயில்லை. தமிழ்த் தாளில்தான் மாட்டிக்கொள்கிறேன். முன்னப்பின்னே பார்க்காத ஒரு கதையைப் பாதியில் வெட்டிக் கொடுத்துவிட்டு அதன் கீழே கேள்வி கேட்கிறார்கள். யார் யாரிடம் சொன்னது என்று கேட்டால் எழுதிவிடுவேன், அதெல்லாம் அந்தக் காலத்திலேயே அடி வாங்கிப் படித்தது. சொல்லாமல் விட்டது என்ன, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லாததை நான் எப்படியம்மா எழுதுவேன். முன்பு இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உனக்குப் போனில் படித்துக் காட்டுவேன், நீ என்னைக் கிழித்து மாலையாகப் போடுவாய். கார்த்திகையிலிருந்து அது இல்லை.

ஜனவரிக் கடைசியில் பானுமதி டீச்சர் ஒரு பத்தி கொடுத்தார். ஒரு ஏரி, அதன் மதகுக்கு ஒரு காவலாளி. தினமும் சாயங்காலம் நோட்டில் ஒரு வரி எழுதவேண்டும். முதல் நாள், வடக்கே கரை கசிகிறது, மண்வெட்டி உடைந்துவிட்டது, சம்பளம் எப்போது வரும் என்று எழுதுகிறான். இரண்டாம் நாள் கொசு தாங்கவில்லை, வேறு விளக்கு தருவீர்களா என்று எழுதுகிறான். மூன்றாம் நாளிலிருந்து ‘மதகு நலம்’ என்று மட்டும் இருக்கிறது, வேறு எழுத்தில். ஏழாம் நாள் வரைக்கும் மதகு நலம், மதகு நலம். அதோடு பத்தி முடிகிறது. காவலாளிக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேள்வி. நான் நன்றாக யோசித்து, பேனா மாறியிருக்கும், மதகு நலமாக இருப்பதால் அவனும் நலம் என்று எழுதினேன். சாயிரா என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே அந்தாளு அங்கன இல்லவே இல்ல, வேற எவனோல்லா எழுதுதான், உமக்கு இதுகூடவா வெளங்கல என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கோமதிநாயகம் சார், என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாக்காதீங்கோ, எழுதினது யாரு, யாருக்குக் காட்டறதுக்காக எழுதினான்னு பாருங்கோ, முதல் ரெண்டு நாள் அவன் எவ்வளவு குறைப்பட்டுண்டான், எத்தனை கேள்வி கேட்டான், அப்புறம் ஒண்ணுகூட இல்லையே, மனுஷன் உயிரோட பக்கத்துல இருந்தா அப்படி இருப்பானோ என்றார்.

நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மதியம் பட்டறையில் சோறு தின்னும்போது தொட்டேன். தீபாவளிக்கு முன்னால் நீ அனுப்பியதை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். ஒரே புலம்பல். குழாயில் காற்றுதான் வருகிறது, குக்கர் விசில் அடிக்கவில்லை, ராய்ப்பூரில் தக்காளிக்கு ருசியே கிடையாது, ஆபீசில் பக்கத்து சீட்டுப் பெண் மூக்குச் சிந்துகிறாள். அதோடு கேள்வி. அம்மா மாத்திரை சாப்பிட்டாளா, நீ பீடியை விட்டாயா பொய் சொல்லாதே, டீச்சர் எத்தனை மார்க் போட்டார். கார்த்திகையிலிருந்து வந்தவை நாற்பத்தொன்று. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். புதுப் போனில் தமிழ் எழுத்து இல்லை என்று அதிலேயே வந்தது, நானும் சரி போன் மாறிவிட்டது என்று விட்டுவிட்டேன். பேனா மாறியிருக்கும் என்று எழுதிய அதே அறிவாளிதானே நான். நலமாக இருக்கிறேன், ஆபீசில் வேலை அதிகம், பேச முடியவில்லை, கவலை வேண்டாம். நாற்பத்தொன்றிலும் ஒரு குறை இல்லை. ஒரு கேள்வி இல்லை. அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் என்று நான் எழுதினேன், சரி நல்லது என்று பதில் வந்தது. எந்தக் கண் என்று என் மகள் கேட்கவில்லை. சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பொங்கலன்று நீ வீடியோவில் வந்ததையும் திரும்ப யோசித்தேன். மாப்பிள்ளை போனைப் பிடித்திருந்தார், நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நல்லாருக்கேன்ப்பா என்று சொன்னபோது நீ என்னைப் பார்க்கவில்லை, போனுக்கு மேலே பார்த்தாய். பட்டு கட்டியிருந்தாய், கழுத்தைச் சுற்றி முந்தானையைப் போர்த்தியிருந்தாய். குளிரா என்று நான் கேட்டதற்கு அவர்தான் ஆமாம் மாமா இங்கே நல்ல தண்டி என்றார். நானும் அந்தக் குளிருக்குப் போர்வை அனுப்பவா என்று கேட்டேன் பார், அதை நினைத்தால் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

இதெல்லாம் கதைப் பத்தி படித்துப் படித்து வந்த கிறுக்கு என்றுதான் அம்மா முதலில் சொன்னாள். புள்ள நல்லாத்தான் வாழுதா, நீங்க பரீட்சைக்குப் படிச்சு மண்டை குழம்பிப் போயிருக்கிய என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சந்தேகத்தோடு ஒரு வீட்டுக்குள் புகுந்து மகள் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். அதனால் போன வாரம் முறுக்கு வாங்கிக்கொண்டு சும்மா போகிறவன்போல செம்பூருக்கு உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். முப்பிடாதி மைனி காப்பி கொடுத்தார். செல்விக்கு ஆபீசில் வேலை ஜாஸ்தியாமே மைனி என்று மெதுவாகக் கேட்டேன். எந்த ஆபீசு அண்ணாச்சி, அவ வேலய விட்டுத்தான் தீவாளியோட நாலு மாசம் ஆச்சே, எம்மவனுக்குப் பொம்பள வேலைக்குப் போறது புடிக்கல, ஒங்களுக்குச் சொல்லலயா என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். உடனே காப்பி டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், நான் பாதிகூடக் குடிக்கவில்லை. அவ நல்லாத்தான் இருக்கா, அவன் எல்லாம் பாத்துக்கிடுதான், அடிக்கடி போன் போட்டுச் சின்னஞ்சிறுசுகள நோண்டாதிய என்றார். வாசல் வரைக்கும் வந்து, நான் தெருமுனை திரும்புகிற வரை நின்றுகொண்டிருந்தார். நான் முனை திரும்பிவிட்டு எட்டிப் பார்த்தேன், போனைக் காதில் வைத்திருந்தார். அன்று சாயங்காலம் ‘உன்’ செய்தி வந்தது. வேலையை விட்டுவிட்டேன், சர்ப்ரைசாகச் சொல்லலாம் என்று இருந்தேன் என்று.

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பரணில் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். எனக்கும் சேத்து டிக்கெட் போடுங்க என்றாள்.

செல்வி, நான் கெட்டிக்காரன் இல்லை, ஏழு பத்தியில் ஐந்துக்குத் தப்பாக விடை எழுதுகிறவன். இதுவும் தப்பாக இருக்கலாம். அப்படித் தப்பு என்றால் எனக்கு முட்டை போடு. ஆனால் அதை எழுதி அனுப்பாதே, எழுதி வந்தால் நம்பமாட்டேன். வரும் ஞாயிறு பதினைந்தாம் தேதிக்குள் போன் போட்டு, உன் குரலில், கோபமாக, எப்பா உனக்கு முட்டை, ஒரு எழவும் உனக்கு வெளங்கல என்று திட்டு. நீ திட்டுவதை எவராலும் எழுதிக்கொடுத்துச் சொல்லவைக்க முடியாது, அதில் எனக்குச் சந்தேகம் வராது. வேறு எந்த மார்க் வந்தாலும், பத்துக்குப் பத்து என்று அழகாகச் செய்தி வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், திங்கட்கிழமை குர்லா டெர்மினஸில் ஏறுகிறோம், செவ்வாய் மத்தியானம் உன் வாசலில் நிற்போம். மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டு வரப்போவதில்லை. அவர் டியூட்டிக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வருவோம். கதவு வெளியே பூட்டியிருந்தால் ஜன்னல் பக்கம் வந்து நில், அது போதும், பூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், இருபது வருஷம் பையில் பூட்டு வைத்துத் தைத்தவன்.

அதுவரைக்கும் அவரிடம் எதையும் எதிர்த்துப் பேசாதே. கேட்டதற்குச் சரி என்று சொல். ஆதார் கார்டையும் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டையும் கைக்கு எட்டுகிற இடத்தில், அரிசி டப்பாவுக்குள் வேண்டுமானாலும், வைத்துக்கொள். இந்தத் தாளைத் திருத்தி முடித்ததும் ஒளித்து வைக்காதே, மேசைமேல் போட்டுவை. ஒளித்தால்தான் தேடுவார்கள். ஊர் என்ன சொல்லும், உன் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும் என்றெல்லாம் நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்காதே, அதை யோசிக்கத்தான் வெட்டியாக நான் ஒருத்தன் இருக்கிறேன்.

உன் தலைமேல் என் கையும் உன் அம்மா கையும் எப்போதும் உண்டு. நீ தீர்க்காயுசாக, வாய் நிறையக் குறை சொல்லிக்கொண்டு இருக்கவேண்டும். ஏப்ரலில் வருகிற பரீட்சையில் பாஸானாலும் ஆகாவிட்டாலும் கவலை இல்லை, இந்த ஒன்றில் மட்டும் நான் பெயிலாக வேண்டும் என்று கருமாரியிடம் வேண்டியிருக்கிறேன். ஞாயிறு, பதினைந்து, மறக்காதே. போக இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன், வர மூன்று.

உன் அப்பா
கோமதிநாயகம்