தாளைக் கொஞ்சம் எறக்கு

இன்றைய செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு படம். விரல் நுனியில் நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு கருவி. காதுக்குள் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாதாம். மதுரையிலேயே கிடைக்கிறதாம். வருடக்கணக்காக உனக்கு நான் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே சாமான், நீ கண்ணை மூடிய பிறகு வந்து நிற்கிறது. படித்து முடித்ததும் சந்தோஷம் வரவில்லை. அலுப்புதான் வந்தது.

திருச்சுழி அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நீ மட்டும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்துவிடுவேன். உன் தறிக்கூடத்து வாசலில் காலி நூல்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, அந்த வாரம் கத்தரித்து வைத்த செய்திகளை உனக்கு வாசிப்பேன். வெயிலில் ஓடும் கார், கம்பியில்லாத போன், கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மெஷின். எல்லாமே 'இன்னும் சில ஆண்டுகளில்' என்றுதான் முடியும். "அந்தச் சில வருசம் என்னைக்கு முடியும்னு போட்டிருக்கா?" என்பாய். வாசிக்கும்போதே பாதியில் உன் விரல் வந்து தாளை அழுத்தும். "ஏலே, தாளைக் கொஞ்சம் எறக்கு." விஞ்ஞானம் போதும், ஊர்க்கதை பேசு என்று கிண்டல் செய்கிறாய் என்று நினைத்து, மறுபடி தாளைத் தூக்கிப் பிடிப்பேன்.

தறி ஓடும்போது யார் குரலும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வீர்கள். அதில் நீ பலே கெட்டிக்காரன். அதனாலேயே உன் காது போய்க்கொண்டிருந்தது உன் வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை. நான் தாளைத் தூக்கி உதட்டை மறைத்த ஒவ்வொரு முறையும் என் பேச்சு உனக்கு அறுந்துபோயிருக்கிறது. எத்தனை ஞாயிறு அப்படிப் போனதோ.

விஷயம் தெரிந்ததும் மதுரைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். சட்டைப்பையில் பெட்டியும் காதுக்கு ஒயருமாக ஒரு மெஷினை டாக்டர் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது காரியாபட்டியில் பஸ் நின்றது. அங்கே வைத்துத்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன். "இதப் போயி வாங்காத. ஒயரே இல்லாம, காதுக்குள்ள வைக்கிற மாதிரி சின்னதா வருதாம். ரெண்டு வருசம் பொறு." நீ சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். "நீ படிச்சவன், நீ சொன்னாச் சரி."

அந்த இரண்டு வருடம் ஏழெட்டு வருடமாக இழுத்தது. கடைசியில் அதே டாக்டரிடம் போனபோது அவர் சலித்துக்கொண்டார். "இத்தன வருசம் காதச் சும்மா விட்டுட்டீங்க. இனி சத்தம் கேக்கும், சொல்லு பிரியாது." பெட்டியை மாட்டிப் பார்த்தாய். நான் பேசியதும் மின்விசிறி ஓடியதும் உனக்கு ஒன்றாகவே கேட்டன. ஒயரைக் கழற்றிப் பெட்டியோடு டாக்டர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அளந்துவிட்ட அதிசயங்களில் உன் தெருவுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது எஸ்.டி.டி. பூத் ஒன்றுதான். பம்பாயில் கட்டிக்கொடுத்த உன் மகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூப்பிடுவாள். போனில் பார்க்க உதடு ஏது? நான் ரிசீவரைக் காதில் வைத்து, அவள் சொல்வதை உன் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்வேன். ஒருநாள் அவள் அழுதாள். "மாமா, அப்பாகிட்டக் குடுங்க. அவுகளுக்குக் கேக்காட்டிப் பரவால்ல, நான் பேசணும்." நான் உன்னிடம், "பாப்பா நல்லாருக்காளாம்" என்றேன். என் வாயையே பார்த்தாய்.

"ஒதடு நடுங்குது. பொய் சொல்லாத. குடு."

ரிசீவரை வாங்கிக் காதில் அழுத்திக்கொண்டு தலையாட்டினாய். அவள் பேசி முடித்து வைத்த பிறகும் தலையாட்டிக்கொண்டே நின்றாய். லைன் போனது உனக்குத் தெரியவில்லை; நீயாக வைக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன்.

இப்போதும் புதிதாக எது வந்தாலும் படிக்கத்தான் செய்கிறேன். அந்தப் புத்தி போகவில்லை. யாரிடமும் 'பொறு' என்று மட்டும் சொல்வதில்லை. என் கண்ணும் மங்கிவிட்டது, வெளிச்சத்துக்கு நேராகத் தாளைத் தூக்கிப் பிடித்தால்தான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் கை தானாக நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது. இன்று காலை அந்தக் கடலைப்பருப்புச் செய்தியையும் அப்படித்தான் வாசித்தேன். வீட்டில் யாருமில்லை. நிதானமாக, உதட்டை நன்றாகத் திறந்து வாசித்தேன்.