இன்னும் பலமாக அடிக்கிற வால்

அன்பு மகன் இஷாமுக்கு, ஏறாவூரிலிருந்து உன் உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீ அங்கே நோய் நொடியில்லாமல் இருப்பாய், இங்கே நானும் தங்கை ஸாதியாவும் சுகம். வாப்பாவையும் சேர்த்து அப்படி எழுதக் கை வரவில்லை மகன். போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் அவரோடு தூண்டிலுக்குப் போகிற நௌஷாட்டின் மருமகன் கத்தாருக்கு வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வாப்பா தூண்டிலில் இரையாகக் கொழுவ நீ அனுப்பிய ரப்பர் வால் பக்கட் வந்து சேர்ந்தது. முதலில் அந்த ஜிக் முள்ளுக்கு மெல்லிய நீட்டு வால் அனுப்பினாய், காயான்கேணிக் கடலில் கல்லிடுக்கில் சிக்கி அறுந்துபோகிறது என்றார், சரி. பிறகு நண்டு மாதிரிக் கட்டையாக ஒன்று கேட்டார், அது கல்லோரம் மெதுவாக இறங்க கலவா மீன் பொந்தை விட்டு வந்து கவ்வியது, வீட்டில் தினமும் சோற்றுக்குக் கலவா ஆணம்தான். அதையும் வேண்டாம் என்று, அகலமான வால், இழுக்கும்போது நன்றாக அடிக்கிற வால் என்று கேட்டாரே, ஏன் என்று யோசித்தாயா? நௌஷாட் வந்து என்னிடம், “நண்டு வாலுக்குத்தான் மச்சி மீன் வருது, இவர் ஏன் அத எறிஞ்சிபோட்டார்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டு வால் அடிக்காது, சும்மா இறங்கும், மீன் கவ்வினாலும் அவர் கைக்குத் தெரியவில்லை, பலமாக அடிக்கிற வால் என்றால் அந்த அதிர்வாவது தெரியும் என்று பார்க்கிறார். சீனி வருத்தம் விரல்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது மகன். கடையில் துணியைத் தொட்டே தரம் சொன்ன கை, கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, நான்தான் பறித்து வைத்தேன்.

கால் அதைவிட மோசம். கல்லில் ஒட்டியிருந்த சிப்பி உள்ளங்காலைக் கிழித்தது தெரியாமல், செருப்பு நிறைய இரத்தத்தோடு வீட்டுக்குள் நடந்து வந்தார். நான் நிலத்தைப் பார்த்துக் கத்த, யாருக்கு என்ன நடந்தது என்று அவரும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. புண் ஆறவில்லை. பெருவிரலை எடுக்க வேண்டும், பிந்தினால் பாதமே போகும் என்கிறார் டொக்டர். இவரோ, “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மகன் வரட்டும், அவனோட ஒருக்கா கல்லுக்குப் போய்ட்டு வந்து வெட்டுவம்” என்கிறார். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கும் வாங்கினார். பெருநாள் வரைக்கும் அந்தக் கால் தாங்காது.

நேற்றுப் புது வாலை வாளித் தண்ணீரில் இழுத்துப் பார்த்தார், தண்ணீர் என் சேலையில் தெறித்தது. “இதவிட அடிக்கிறது இரிக்கா எண்டு மகன்ட கேளு” என்றார். அப்படி ஒன்றைத் தேடாதே மகன். லீவு கேட்டு உடனே வா, நீ கூட்டிப்போனால் ஆஸ்பத்திரிக்கு வருவார். கால் ஆறிய பிறகு கல்லுக்கும் கூட்டிப்போ. வரும்போது அந்த நண்டு வாலையே வாங்கி வா. தூண்டிலை நீ பிடித்துக்கொள், அவர் பக்கத்தில் இருக்கட்டும், மீன் கவ்வினால் வாயால் சொல்லு.

உன் இரத்தத்திலும் சீனி பார்த்துக்கொள், மறக்காதே. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் வரவுக்கு துஆ செய்தபடி,
உம்மா கைறுன்னிஸா