இருபத்தேழு இலக்கங்கள்

செகெத், 1987

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்காரி ஜன்னல் மூலைகளைத் துடைக்காமல் விட்டாள். மறுபடி துடைக்க வைத்தேன்.

மாலை ஷரோல்தா வந்தாள். மறைந்த என் கணவர் வின்ட்ஸேயின் மாணவி, அவர் வகித்த பதவியில் இன்று இருப்பவள். கசகசா ரொட்டியைத் தொடவில்லை. பல்கலைக்கழகச் சுவரில் அவருக்கு வைக்கப்போகும் நினைவுக்கல்லில் அவர் கண்டுபிடித்த இருபத்தேழு இலக்கப் பகா எண்ணைப் பொறிப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் கணினியில் போட்டுப் பார்த்தாளாம்.

"அம்மா, அது பகா எண் இல்ல. பதிமூணால வகுபடுது."

"உன் மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. சொல்லிக்குடுக்கறவன் வேணா சொல்லுவான். அதான் ரெண்டு தடவ பாத்தேன்."

திங்கட்கிழமைக்குள் கல்தச்சருக்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வெறும் பெயர் மட்டும்.

மார்ச் 4

நானே வகுத்தேன். பதிமூன்று. மீதி இல்லை.

மார்ச் 5

பெரிய பகா எண்களைக் கண்டறிய அவர் வகுத்த முறைக்கு அந்த எண்தான் ஒரே சாட்சி. முறை அவருடையது, கணக்கு முழுவதும் என்னுடையது. மூன்று குளிர்காலம் கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றியவள் நான். "உன் கணக்குல தப்பு வராது, ஒட்டிலியா" என்று சொல்லித்தான் அச்சுக்குக் கொடுத்தார்.

வந்திருந்தா? முப்பது வருஷமா அந்த மனுஷன் பேர்ல ஒரு பொய்ய — நானா? நானேவா? ஜெபமாலையை முடிக்க முடியவில்லை.

மார்ச் 7, சனி

நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒரே ஒரு விதமாகத்தான். எங்கள் எண்ணை எழுதிய தாள் அன்றே அச்சகத்துக்குப் போய்விட்டது; அதற்கான அந்த இரண்டு எண்களும் பழைய நோட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பதினான்கு இலக்கம். வர்க்கம் எடுத்துக் கூட்டினால் எங்கள் எண் வர வேண்டும். அச்சில் உள்ளதே வந்துவிட்டால் என் கணக்கு அடியோடு தப்பு. நோட்டைத் திறக்கவே பயம்.

காலையில் தொடங்கி மதியம் முடித்தேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் இலக்கங்கள் எனக்கு 38. அச்சில் 83.

மெய்ப்புப் பார்த்தவளும் நான்தான். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்தபடி இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைத் தள்ளி, மிச்சம் ஒத்துப்போனதும் கையெழுத்திட்டேன். இடம் மாறிய இலக்கங்கள் அந்தச் சோதனையில் சிக்காது. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாக ஒப்பிடவில்லை. நான் பார்த்தால் போதாதா என்ற திமிர்.

ஷரோல்தாவுக்குத் தொலைபேசியில் இருபத்தேழையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருப்பிச் சொல்ல வைத்தேன். இந்த எண்ணும் பகா எண் இல்லையென்றால்?

மார்ச் 8

பூசைக்குப் போனேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மார்ச் 9, திங்கள்

பத்து மணிக்கு அழைத்தாள்.

"பகா எண்தாம்மா! வாத்தியார் ஜெயிச்சுட்டார். கல்லுல பொறிச்சுடலாம்."

பழைய நோட்டை மூடி வைத்தேன்.

"பழைய தப்ப அச்சகத்து மேல போட்டுடலாம். அந்த ஆளுங்க யாரும் இப்ப உசுரோட இல்ல."

"மெய்ப்புப் பார்த்தவ உசுரோடதான இருக்கா?"

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த அவமானம்?"

"எழுதிக்கோ" என்றேன்.

ஜூன் 18

அன்று அந்த எண்ணை வெளியிட்ட கணித இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள்: இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் படிக்கவும், தவறு மெய்ப்புத் திருத்தியவருடையது. கீழே, பாலோக் ஒட்டிலியா.

கல்யாணத்துக்குப் பின் இந்த ஊர் என்னைக் கார்தோஷ் வின்ட்ஸேயின் மனைவி என்றுதான் எழுதும். என் சொந்தப் பெயர் அந்த இதழில் வருவது இதுவே முதல் முறை.

எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.